உடைந்த லேஅவுட்: ஒட்டுப்போடுவதா, ஃப்ளெக்ஸா, கிரிடா?

பல வருடங்களுக்கு முன்னால் யாரோ கட்டிய ஒரு வலைப்பக்கம் நம் கைக்கு வருகிறது. சைட்பார் பக்கவாட்டில் நிற்காமல் கட்டுரைக்குக் கீழே போய்க் கிடக்கிறது. ஃபூட்டர் மேலேறி நடுவில் நுழைந்திருக்கிறது. மொபைலில் திறந்தால் பக்கம் முழுக்க இடவலமாக நகர்கிறது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் ஃபைலான ஸ்டைல்ஷீட்டைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் ஃப்ளோட் (பெட்டியை ஓரமாக ஒதுக்கும் பழைய முறை), நடுநடுவே மைனஸ் மார்ஜின் (பெட்டியை இழுத்து நகர்த்தும் எதிர்மறை வெளி இடைவெளி), "இந்த வரியை அழிக்க வேண்டாம்" என்று ஒரு கமெண்ட். இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன. உடைந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போடலாம். பெட்டிகளை ஒரு வரிசையில் அடுக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸுக்கு (சுருக்கமாக ஃப்ளெக்ஸ்) மாற்றி எழுதலாம். வரிசையும் நெடுவரிசையுமாகக் கட்டம் போடும் கிரிடுக்கு மாற்றி எழுதலாம். பூட்ஸ்ட்ராப் மாதிரி ஆயத்த ஃப்ரேம்வொர்க்கைக் கொண்டுவந்து வைப்பது நான்காவது வழி. அதைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை, பிறகு சுருக்கமாகத் தொடுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்தின் பெரிய அமைப்புக்குக் கிரிட். அதற்குள் வரும் மெனு, பட்டன் வரிசை போன்றவற்றுக்கு ஃப்ளெக்ஸ். படத்தைச் சுற்றி எழுத்து ஓடவேண்டிய இடத்தில் மட்டும் ஃப்ளோட். இதில் புதுமை ஒன்றுமில்லை, இத்தொழிலில் இருக்கும் பலரும் இதையேதான் சொல்வார்கள். ஆனால் இந்த முடிவுக்கு வருமுன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை அவசரத்தில் தாண்டிவிடுகிறோம். நான் எழுதிய மார்க்கப்பைத்தான் (எச்டிஎம்எல் டேக்குகளைத்தான்) பிரவுசர் அப்படியே வைத்திருக்கிறதா? இந்தப் பெட்டியின் அகலத்தை முடிவு செய்வது யார், உள்ளே இருக்கும் எழுத்தா, வெளியே இருக்கும் பெட்டியா? முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் மாற்றி எழுதினால், பழைய கோளாறு புது ஸ்டைல்ஷீட்டிலும் வந்து நிற்கும். இரண்டாவதற்குப் பதில் தெரிந்தால் ஃப்ளெக்ஸா கிரிடா என்ற விவாதமே பெரும்பாலும் முடிந்துவிடும்.

முதல் வரியிலிருந்து ஆரம்பிப்போம்

பக்கத்தின் முதல் வரியில் டாக்டைப், அதாவது பக்கம் எந்த வகை எச்டிஎம்எல் என்று அறிவிக்கும் குறிப்பு, இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டாலோ, மிகப் பழைய வகையாக இருந்தாலோ பிரவுசர் 'குவிர்க்ஸ் மோட்' என்ற பழைய நடத்தைக்குப் போய்விடும்.

இது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. சிஎஸ்எஸ்ஸின் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் தரமாக வெளிவந்தது. அதன்படி ஒரு பெட்டிக்கு அகலம் கொடுத்தால் அது உள்ளடக்கத்துக்கு மட்டும்தான். பேடிங்கும் (உள் இடைவெளி) பார்டரும் (சுற்றுக்கோடு) அதற்கு மேல் கூடும். விண்டோஸில் இருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 அவற்றையும் அகலத்துக்குள்ளேயே அடக்கிக் கணக்குப் போட்டது. 200 பிக்சல் அகலம், இருபுறமும் 20 பேடிங், இருபுறமும் 1 பார்டர் என்றால் தரத்தின்படி பெட்டி 242 பிக்சல். அந்தப் பிரவுசரில் 200. தரத்துக்கு மாறினால் இருக்கும் பக்கங்கள் எல்லாம் உடையும், மாறாவிட்டால் தரம் என்பதற்கே பொருளில்லை. மேக் கணினிக்கான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5, 2000-ல் இதற்கு ஒரு வழி கண்டது: ஒழுங்கான டாக்டைப் இருந்தால் தரப்படி நடப்பது, இல்லாவிட்டால் பழையபடி நடப்பது. மற்ற பிரவுசர்களும் இதைப் பின்பற்றின. இன்றுவரை அதுதான் ஏற்பாடு. (வேடிக்கை என்னவென்றால், இன்று நாம் எழுதும் அநேகமாக ஒவ்வொரு ஸ்டைல்ஷீட்டின் தொடக்கத்திலும் பாக்ஸ்-சைஸிங் என்ற பண்பைப் பார்டர்-பாக்ஸ் (பேடிங்கும் பார்டரும் அகலத்துக்குள் அடங்கும்) என்று மாற்றிவிடுகிறோம். அதாவது, தோற்றுப்போன அந்தக் கணக்கைத்தான் விரும்பித் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்.)

இன்றைய பிரவுசர்களின் குவிர்க்ஸ் மோடில் சாதாரண டிவ்களுக்கு (பொதுவான பெட்டி டேக்) அந்தப் பழைய பெட்டிக் கணக்கு இல்லை. வேறு பழக்கங்கள் தங்கிவிட்டன. கிளாஸ் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்கப்படாது. பல பண்புகளில் அலகு இல்லாமல் வெறும் எண் எழுதினாலும் பிக்சல் என்று எடுத்துக்கொள்ளும். நிற எண்ணுக்கு முன் ஹாஷ் குறி இல்லாவிட்டாலும் ஏற்கும். பாடியில் கொடுத்த எழுத்தளவு டேபிளுக்குள் இறங்காது. சதவீத உயரம், மேல்பெட்டிக்கு உயரம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

டாக்டைப் இல்லாத பழைய பக்கத்தில் ஒருவர் நல்லெண்ணத்தோடு டாக்டைப் சேர்க்கிறார், உடனே பாதிப் பக்கம் சிதறுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் மேலே சொன்னவற்றில் ஒன்று. டாக்டைப்பை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்தான். ஆனால் அதைச் செய்யாதீர்கள். அலகுகளையும் கிளாஸ் பெயர்களையும் திருத்துவது போரடிக்கும் வேலை, ஆனால் ஒரே முறை செய்வது.

எந்த மோடில் இருக்கிறோம் என்று அறிய, பிரவுசருக்குள்ளேயே இருக்கும் டெவ்டூல்ஸ் கன்சோலில் டாக்குமென்ட்டின் காம்பேட்மோட் மதிப்பைக் கேளுங்கள். 'பேக்காம்பேட்' என்று வந்தால் குவிர்க்ஸ். 'சிஎஸ்எஸ்1காம்பேட்' என்று வந்தால் பயமில்லை. ஃபைலில் டாக்டைப் இருந்தும் குவிர்க்ஸ் வருகிறதா? அப்படியானால் அதற்கு முன்னால் ஏதோ அச்சாகிறது. சர்வரில் ஓடும் நிரல் ஒரு எச்சரிக்கை வாசகத்தை டாக்டைப்புக்கு மேலே கக்கிவைப்பது நடப்பதுதான். காலி இடமோ கமெண்டோ முன்னால் இருந்தால் இன்றைய பிரவுசர்கள் பொருட்படுத்தாது. வெறும் எழுத்து இருந்தால் போதும், மோட் மாறிவிடும். எடிட்டரில் இருக்கும் ஃபைலைப் பார்த்துப் பயனில்லை, பிரவுசருக்கு வந்து சேர்ந்த சோர்ஸைப் பாருங்கள்.

இரண்டுக்கும் நடுவே ஓர் அரைக்குவிர்க்ஸ் மோடும் உண்டு. 'டிரான்சிஷனல்' வகைப் பழைய டாக்டைப்கள் சில அதில் கொண்டுபோய் விடும். வித்தியாசம் சின்னதுதான்: டேபிள் கட்டங்களுக்குள் வெட்டி ஒட்டிய படங்கள் இடைவெளியில்லாமல் சேர்ந்து நிற்கும். இன்றைய குட்டி டாக்டைப்புக்கு மாற்றியதும் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் சில பிக்சல் இடைவெளி முளைக்கும். படம் ஓர் எழுத்தைப் போல பேஸ்லைனில் (எழுத்துகள் நிற்கும் கோட்டில்) உட்காருவதால், எழுத்துகளின் வால் இறங்குவதற்கான இடம் கீழே ஒதுங்குகிறது. படத்துக்கு டிஸ்ப்ளே பிளாக் கொடுத்தால் மறைந்துவிடும்.

பிரவுசர் திருத்தி எழுதிய மார்க்கப்

நாம் எழுதிய டேக்குகளும் பிரவுசர் உள்ளே கட்டும் மரமும் ஒன்றல்ல. பாரா டேக்குக்குள் டிவ் வைக்க முடியாது. வைத்தால், டிவ் தொடங்கும் இடத்திலேயே பாரா மூடப்பட்டுவிடும். பிற்பாடு நாம் எழுதிய மூடும் பாரா டேக், ஒரு காலிப் பாராவாக முளைத்து அதன் மார்ஜினோடு நிற்கும். டேபிளுக்குள், கட்டத்துக்கு வெளியே ஒரு டிவ்வைப் போட்டால் அது டேபிளுக்கு மேலே தூக்கி வைக்கப்படும். ஒரு லிங்குக்குள் இன்னொரு லிங்க் வைத்தால் முதலாவது அங்கேயே முடியும். டிவ்வை எக்ஸ்எம்எல் பாணியில் சாய்கோடு போட்டு ஒரே டேக்கில் மூடினால் அந்தச் சாய்கோட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை. டிவ் திறந்தபடியே இருக்கும், அதற்குப் பின் வரும் எல்லாம் அதற்குள் அடங்கி அதன் பிள்ளைகளாகிவிடும்.

கடைசியில் சொன்ன பழக்கம், எச்டிஎம்எல்லின் கண்டிப்பான வடிவமான எக்ஸ்எச்டிஎம்எல் காலத்து மிச்சம். எக்ஸ்எச்டிஎம்எல் 1.0, 2000 ஜனவரியில் வந்தபோது கண்டிப்பான மார்க்கப்தான் எதிர்காலம் என்று நம்பினார்கள். ஒரு டேக் மூடாவிட்டால்கூடப் பக்கம் முழுவதற்கும் பதிலாகப் பிழைச் செய்தி காட்ட வேண்டும் என்பது அதன் விதி. நடைமுறையில் பெரும்பாலான தளங்கள் அந்தப் பக்கங்களை வழக்கமான எச்டிஎம்எல் என்ற வகையிலேயே அனுப்பின. பிரவுசரும் எச்டிஎம்எல்லாகவே படித்தது. ஆக, கண்டிப்பு பெயரளவில்தான் இருந்தது. எக்ஸ்எச்டிஎம்எல் 2 வேலை 2009-ல் கைவிடப்பட்டது. 2014 அக்டோபரில் எச்டிஎம்எல்5, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யின் பரிந்துரையானது. டபிள்யூ3சி-யும் பிரவுசர் நிறுவனங்களின் குழுவான வாட்டபிள்யூஜி-யும் 2019-ல் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு, வாட்டபிள்யூஜி பராமரிக்கும் எச்டிஎம்எல் 'லிவிங் ஸ்டாண்டர்ட்' ஒன்றுதான் தரம், பதிப்பு எண் கிடையாது.

பழுது பார்ப்பவருக்கு எச்டிஎம்எல்5 செய்த பெரிய உபகாரம் புது டேக்குகள் அல்ல. தப்பான மார்க்கப்பை எப்படித் திருத்திப் படிக்க வேண்டும் என்பதையே அது படிப்படியாக எழுதிவைத்தது. அதனால் இன்று எல்லாப் பிரவுசர்களும் ஒரே தப்பை ஒரே மாதிரிதான் திருத்துகின்றன. இதிலிருந்து ஒரு வசதியான சோதனை கிடைக்கிறது. பக்கம் எல்லாப் பிரவுசரிலும் ஒரே மாதிரி உடைந்திருந்தால் கோளாறு நம் மார்க்கப்பிலோ ஸ்டைலிலோ இருக்கிறது. ஒன்றில் மட்டும் உடைந்திருந்தால், அந்தப் பிரவுசருக்கோ அந்தப் பதிப்புக்கோ தெரியாத ஒரு பண்பை நம்பியிருக்கிறோம்.

மார்க்கப் பிழைகளைச் சொல்லும் டபிள்யூ3சி வேலிடேட்டரில் பக்கத்தைக் கொடுத்தால் நீளமான பட்டியல் வரும். எல்லாவற்றையும் திருத்த உட்கார வேண்டாம். மூடாத டேக், இடம் மாறிய டேக், இரண்டு முறை வந்த ஐடி, இந்த மூன்றை முதலில் எடுங்கள். லேஅவுட்டை உடைப்பவை அவைதான். வழக்கொழிந்த அட்ரிபியூட் பற்றிய முணுமுணுப்பு காத்திருக்கலாம்.

ஸ்டைல்ஷீட் பக்கத்திலும் இதே மாதிரி சில உண்டு. ஒரு செமிகோலன் விட்டுப்போனால் அந்த வரியும் அடுத்த வரியும் சேர்ந்து வீணாகும். சிறிய திரைக்கென்று விதிகளை எழுதும் மீடியா குவெரியின் மூடும் அடைப்பு விட்டுப்போனால் அதற்குப் பின் எழுதிய எல்லாமே சிறிய திரைக்கு மட்டும் என்றாகிவிடும். சாதாரண விதி ஒன்றின் அடைப்பு விட்டுப்போனால் நடப்பது 2023-க்குப் பிறகு மாறியிருக்கிறது. அந்த வருடம் பெரிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் நெஸ்டிங் (விதிக்குள் விதி எழுதும் வசதி) வந்தது. முன்பு, அடுத்து வரும் விதிகள் குப்பை என்று தள்ளப்படும். இப்போது அவை உள்ளமைந்த விதிகளாக ஏற்கப்பட்டு, முதல் பெட்டிக்குள் இருப்பவற்றுக்கு மட்டும் பொருந்தும். பாதி இடத்தில் வேலை செய்து பாதி இடத்தில் செய்யாத விதியைக் கண்டால் மேலே போய் அடைப்புகளை எண்ணுங்கள்.

ஸ்டைலே ஏறவில்லை என்றால் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பார்த்தால் போதும். முகவரி தவறியதால் ஸ்டைல்ஷீட்டுக்குப் பதிலாக '404' பக்கம் வந்திருக்கும். அது எச்டிஎம்எல் வகை என்பதால் பிரவுசர் நிராகரித்திருக்கும்.

இதெல்லாம் முடிந்தும் லேஅவுட் உடைந்தே இருந்தால்தான் முறையை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும்.

ஒட்டுப்போடுவது எப்போது சரி

ஃப்ளோட் லேஅவுட் உடைவதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று, அகலக் கணக்கு மீறுவது. கட்டுரை 70 சதவீதம், சைட்பார் 30 சதவீதம் என்று வைத்துவிட்டு, யாரோ சைட்பாருக்கு இருபுறமும் 20 பிக்சல் பேடிங் சேர்த்தால் மொத்தம் நூறைத் தாண்டி 40 பிக்சல் அதிகமாகிறது. இடம் போதாத ஃப்ளோட் கீழே விழும். இந்த இரண்டு பெட்டிகளுக்கும் பார்டர்-பாக்ஸ் கொடுத்தால் தீர்ந்தது. ஸ்டைல்ஷீட் முழுவதற்கும் அதைக் கொடுக்கும் ஆசை வரும், பழைய பக்கத்தில் வேண்டாம். தரக் கணக்கை நம்பி அகலம் கொடுத்த மற்ற பெட்டிகள் எல்லாம் சுருங்கிவிடும்.

இரண்டாவது காரணம், ஃப்ளோட் ஆன பிள்ளைகளைத் தாய்ப்பெட்டி உயரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளாது. பெட்டியின் உயரம் பூஜ்யமாகிறது, பின்னணி நிறம் காணாமல் போகிறது, ஃபூட்டர் மேலே ஏறுகிறது. இதற்குத்தான் பெட்டிக்குள் போலி உறுப்பைச் சேர்த்து உயரத்தை மீட்கும் கிளியர்ஃபிக்ஸ் என்ற வித்தையையும், பெட்டிக்கு வெளியே நீளுவதை வெட்டிவிடும் ஓவர்ஃப்ளோ ஹிடன் என்ற குறுக்குவழியையும் வைத்து வருடக்கணக்கில் ஓட்டினோம். இப்போது டிஸ்ப்ளேக்கு ஃப்ளோ-ரூட் என்று கொடுத்தால் போதும். குரோம், ஃபயர்ஃபாக்ஸில் 2017-லும், சஃபாரியில் 2019-லும் வந்துவிட்டது. ஓவர்ஃப்ளோ ஹிடன் போல அது எதையும் வெட்டாது.

பக்கம் சீக்கிரம் ஓய்வுபெறப் போகிறது, கோளாறு மேலே சொன்ன இரண்டில் ஒன்று, வடிவமைப்பில் வேறு மாற்றம் எதுவும் வரப்போவதில்லை என்றால் ஒட்டுப்போடுவதே அறிவுள்ள முடிவு. இரண்டு வரியில் தீர்வதற்கு லேஅவுட்டையே மாற்றி எழுதுவது தொழில்பெருமைக்காகச் செய்வது. ஆனால் இரண்டு நெடுவரிசைகளும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், எதையாவது செங்குத்தாக நடுவில் வைக்க வேண்டும், மொபைலில் வரிசை மாற வேண்டும் என்று கோரிக்கை வந்துவிட்டதா? அங்கே ஒட்டு நிற்காது. ஃப்ளோட் அதற்காகப் பிறந்ததே இல்லை.

ஃப்ளெக்ஸ்: உள்ளடக்கம் சொல்வதைக் கேட்பது

ஃப்ளெக்ஸ்பாக்ஸின் முதல் வரைவு 2009-ல் வந்தது. பிறகு எழுதுமுறை இரண்டு தடவை மாறி, 2012-ல்தான் இன்றைய வடிவத்துக்கு வந்தது. இடைக்காலத்தில் எழுதிய ஸ்டைல்ஷீட்டில் டிஸ்ப்ளே பாக்ஸ், டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ்பாக்ஸ் என்றெல்லாம் இருக்கும். அவற்றைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், பழைய எழுதுமுறைகள். புது எழுதுமுறை பக்கத்திலேயே இருந்தால் அவற்றை நீக்கிவிடலாம்.

ஃப்ளெக்ஸின் குணம் ஒரு திசையில் யோசிப்பது. பிள்ளைகளின் அளவை முதலில் கேட்கிறது, மீதி இடத்தைப் பிறகு பங்கிடுகிறது. இடம் போதாவிட்டால் சுருக்கப் பார்க்கிறது. மெனு, டேக் பட்டியல், தேடல் பெட்டியும் பட்டனும், கார்டுக்குள் தலைப்பும் தேதியும் என்று உள்ளே இருப்பதன் அளவு முன்கூட்டியே தெரியாத இடங்களில் இதைவிட நல்லது இல்லை.

சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஃப்ளெக்ஸ் பிள்ளையின் குறைந்தபட்ச அகலம் பூஜ்யம் அல்ல, ஆட்டோ. அதாவது உள்ளே இருக்கும் உடைக்க முடியாத மிக நீளமான துண்டின் அகலத்துக்குக் கீழே அது சுருங்காது. தமிழில் இது அடிக்கடி கடிக்கும். 'அனுப்பிவைக்கப்பட்டிருந்தவர்களுக்கு' என்று ஒரே சொல் வந்தால் அந்தச் சொல்லே பெட்டியின் குறைந்தபட்ச அகலம். சின்னத் திரையில் பெட்டி வெளியே பிதுங்கும், பக்கம் இடவலமாக ஆடும். நீளமான வலைமுகவரி, நிரல் துண்டு, பெரிய படம் எல்லாம் இதையே செய்யும். பிள்ளைக்கு மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) பூஜ்யம் கொடுப்பது ஒரு தீர்வு. எழுத்துதான் காரணம் என்றால், நீளச் சொல்லை எங்கும் உடைக்கவிடும் ஓவர்ஃப்ளோ-ரேப் எனிவேர் கொடுக்கலாம். இதே பண்பின் பிரேக்-வேர்ட் மதிப்பும் சொல்லை உடைக்கும், ஆனால் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது அந்த உடைப்பைச் சேர்க்காது. அதனால் இங்கே உதவாது. இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு.

ஃப்ளெக்ஸை அதன் எல்லைக்கு மேல் இழுப்பது இன்னொரு வழக்கமான தப்பு. பன்னிரண்டு கார்டுகளை ரேப் செய்து (அடுத்த வரிக்கு மடியவிட்டு) மூன்று மூன்றாக அடுக்குகிறோம். ஒரு கார்டை நீக்கியதும் கடைசி வரிசையில் இரண்டு மட்டும் நின்று, மீதி இடத்தைப் பிரித்து அகலமாகிவிடுகின்றன. ஃப்ளெக்ஸுக்கு ஒவ்வொரு வரிசையும் தனி உலகம், மேல் வரிசையோடு நேராக நிற்க வேண்டும் என்ற எண்ணமே அதற்கு இல்லை. இதைச் சமாளிக்கக் கண்ணுக்குத் தெரியாத காலிக் கார்டுகளைச் சேர்க்கத் தொடங்கினால், கிரிடுக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

கிரிட்: பெட்டி சொல்வதைக் கேட்பது

கிரிட் யோசனை மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து வந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10-ல் அதன் பழைய வடிவம் ஒன்று இருந்தது. இன்றைய வடிவம் 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 52, குரோம் 57, சஃபாரி 10.1 மூன்றிலும் ஒரே மாதத்துக்குள் வந்தது. ஒரு பெரிய வசதி இப்படி எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் வருவது அரிது. "இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் வராதே" என்று அதன்பிறகும் சில வருடம் தயங்கினோம். 2022 ஜூனில் அதன் டெஸ்க்டாப் பதிப்பும் ஓய்வுபெற்றதோடு அந்த வாதம் முடிந்தது.

கிரிடில் வரிசைகளையும் நெடுவரிசைகளையும் தாய்ப்பெட்டியே முதலில் வரைந்துவிடும். பிள்ளைகள் அந்தக் கட்டங்களில் போய் உட்காரும். ஹெடர், கட்டுரை, சைட்பார், ஃபூட்டர் என்று இடங்களுக்குப் பெயர் வைத்து, ஸ்டைல்ஷீட்டுக்குள்ளேயே பக்கத்தின் வரைபடத்தை எழுத்தில் வரைந்துவிடலாம். மொபைலுக்கு அந்த வரைபடத்தை மட்டும் மாற்றி எழுதினால் போதும். ஒரு பழைய ஃப்ளோட் பக்கத்தை இப்படி மாற்றும்போது ஸ்டைல்ஷீட் கணிசமாகக் குறையும். அழியும் வரிகள் எல்லாம் மைனஸ் மார்ஜினும் கிளியரும்தான்.

இங்கும் அதே சறுக்கல் வேறு பெயரில் இருக்கிறது. ஒரு எஃப்ஆர் என்று எழுதினால் 'மீதி இடத்தில் ஒரு பங்கு' என்று நினைக்கிறோம். உண்மையில் அதன் கீழ் வரம்பு ஆட்டோ, மேல் வரம்பு ஒரு பங்கு. ஆகவே உள்ளே ஒரு நீளச் சொல்லோ அகலப் படமோ வந்தால் சமமாக இருக்க வேண்டிய நெடுவரிசைகள் கோணலாகும். மின்மேக்ஸ் எழுதி, கீழ் வரம்பைப் பூஜ்யமாக்கினால் சமமாகிவிடும். கார்டுகளுக்கு ஆட்டோ-ஃபில்லோடு (இடம் கொள்ளும் அளவு நெடுவரிசைகள் போடு என்பது) குறைந்தபட்சம் 300 பிக்சல் என்று கொடுப்பதும் வழக்கம். கிடைக்கும் இடம் அதைவிடக் குறுகினால் கார்டு வெளியே நீட்டிக்கொள்ளும். 300 பிக்சலுக்கும் 100 சதவீதத்துக்கும் இடையே எது சிறியதோ அதை எடு என்று 'மின்' (மினிமம்) சார்பில் எழுதிவிட்டால் தொல்லையில்லை.

பல கார்டுகளின் தலைப்பு, படம், பட்டன் எல்லாம் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும் என்றால், வெளிக் கிரிடின் கோடுகளையே உள்பெட்டியும் பயன்படுத்தும் சப்கிரிட் வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் 2019 டிசம்பரிலும், சஃபாரியில் 2022 செப்டம்பரிலும், குரோமில் 2023 செப்டம்பரிலும் வந்தது. உங்கள் வாசகர்கள் பழைய மொபைல்களில் வருபவர்கள் என்றால் யோசித்துப் பயன்படுத்துங்கள். சப்கிரிட் இல்லாவிட்டாலும் பக்கம் படிக்கும்படி இருக்கவேண்டும், கொஞ்சம் கோணலாக இருந்தால் பரவாயில்லை.

எதை எடுப்பது என்று தயங்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இந்தப் பெட்டிக்குள் ஒரு சொல் கூடினால் பக்கத்துப் பெட்டி நகர வேண்டுமா? மெனுவில் நகர வேண்டும், ஆகவே ஃப்ளெக்ஸ். கட்டுரைக்கும் சைட்பாருக்கும் நடுவே நகரவே கூடாது, ஆகவே கிரிட். ஒரு திசை என்றால் ஃப்ளெக்ஸ், இரண்டு திசை என்றால் கிரிட் என்று சொல்லிக்கொடுப்பார்கள். அது தப்பில்லை, ஆனால் ஒரே வரிசையில் மூன்று சமமான நெடுவரிசைகள் கேட்டால் அந்த விதி நம்மை ஃப்ளெக்ஸுக்கு அனுப்பிவிடும். பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் பேஸிஸ் (தொடக்க அகலம்) பூஜ்யம், மின்-விட்த் பூஜ்யம் என்று எழுதி அதைக் கிரிட்போல நடக்க வைத்துக்கொண்டிருப்போம்.

இரண்டிலும் எச்சரிக்கை ஒன்றுதான்: ஆர்டர் பண்பையோ பெயரிட்ட இடங்களையோ வைத்துக் கண்ணுக்குத் தெரியும் வரிசையை மாற்றலாம், ஆனால் மார்க்கப்பின் வரிசை மாறாது. கீபோர்டில் டேப் அழுத்திப் போகிறவருக்குக் கர்சர் திரையில் அங்குமிங்கும் குதிக்கும். ஸ்க்ரீன் ரீடரும் மார்க்கப் வரிசையில்தான் படிக்கும்.

மாற்றும்போது

பழைய ஃப்ளோட்களை எல்லாம் முதலில் அழிக்கத் தேவையில்லை. தாய்ப்பெட்டியைக் கிரிடாகவோ ஃப்ளெக்ஸாகவோ மாற்றியதும் நேரடிப் பிள்ளைகளின் ஃப்ளோட்டும் கிளியரும் தாமாகவே செயலிழந்துவிடும். ஆகவே பகுதி பகுதியாக மாற்றலாம். ஆனால் அகலங்கள் செயலிழக்காது. கட்டுரைக்கு இருந்த 70 சதவீதம், கிரிடில் அதன் கட்டத்தின் 70 சதவீதம் என்று கணக்கிடப்படும். பாதி காலியாகத் தெரிந்தால் காரணம் அதுதான், நீக்கிவிடுங்கள்.

கிளியர்ஃபிக்ஸை நீக்க மறக்காதீர்கள். அதன் பிஃபோர், ஆஃப்டர் போலி உறுப்புகளும் பிள்ளைகளாகக் கணக்கில் வரும். கிரிடில் முதல் கட்டத்தைப் பிஃபோர் பிடித்துக்கொள்ளும், எல்லாம் ஒரு கட்டம் தள்ளி நிற்கும். ஃப்ளெக்ஸில் ஸ்பேஸ்-பிட்வீன் (மீதி இடத்தைப் பிள்ளைகளுக்கு நடுவே பிரிப்பது) கொடுத்தால் இரு ஓரங்களிலும் இவை போய் நின்று, உண்மையான பிள்ளைகளை உள்ளே தள்ளும். செங்குத்து இடைவெளி திடீரென்று அதிகமானால் அதற்கும் ஒரு காரணம் உண்டு: சாதாரண ஓட்டத்தில் மேல் பெட்டியின் கீழ் மார்ஜினும் கீழ்ப் பெட்டியின் மேல் மார்ஜினும் ஒன்றாகக் கலக்கும், ஃப்ளெக்ஸ், கிரிட் பிள்ளைகளில் கலக்காது. மார்ஜின்களை எடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு நடுவே மட்டும் இடைவெளி விடும் கேப் பண்பைப் பயன்படுத்துவது சுத்தம். ஃப்ளெக்ஸில் கேப், சஃபாரியில் 2021-ல்தான் வந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எந்தப் பெட்டி பிதுங்குகிறது என்று தேட எல்லாவற்றுக்கும் அவுட்லைன் (இடம் பிடிக்காத சுற்றுக்கோடு) போட்டுப் பாருங்கள். பார்டர் வேண்டாம், அது இடம் எடுத்துக்கொண்டு லேஅவுட்டையே மாற்றிவிடும். வெளிப்பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்டு இடவல ஆட்டத்தை மறைப்பது இன்னும் மோசம். உள்ளே ஸ்டிக்கி ஆக (ஸ்க்ரோல் செய்தாலும் ஒட்டி நிற்பதாக) இருந்த மெனு ஒட்டாமல் போகும், அதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பது யாருக்கும் தோன்றாது. அகலம் 100 விடபிள்யூ (திரைச் சாளரத்தின் முழு அகலம்) என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்றும் தேடுங்கள். அந்த அளவில் ஸ்க்ரோல்பாரின் அகலமும் சேர்ந்திருப்பதால் டெஸ்க்டாப்பில் சில பிக்சல் நீட்டிக்கொள்ளும். 100 சதவீதம் போதும். எழுதிய பண்பு ஏன் வேலை செய்யவில்லை என்பதை ஃபயர்ஃபாக்ஸ் டெவ்டூல்ஸ் 2019 முதல் மங்கலாக்கிக் காட்டிக் காரணமும் சொல்கிறது. கிரிட் கோடுகளையும் திரையில் வரைந்து காட்டும். லேஅவுட் வேலைக்கு நான் முதலில் திறப்பது அதைத்தான்.

ஆயத்த ஃப்ரேம்வொர்க் பற்றிச் சொல்கிறேன் என்றேன். பூட்ஸ்ட்ராப் 3 ஃப்ளோட்டில் நின்றது, 2018-ல் வந்த 4 ஃப்ளெக்ஸுக்கு மாறியது. குழுவில் எல்லோருக்கும் அது பழக்கம், பக்கங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தின் இரண்டு நெடுவரிசைகளைச் சரிசெய்ய அதைக் கொண்டுவருவது வீண்.

டேபிள், புள்ளிவிவரத்துக்கு மட்டும். ஒரே விதிவிலக்கு மின்னஞ்சல். விண்டோஸின் பழைய அவுட்லுக், 2007-லிருந்து மின்னஞ்சலை வேர்ட் எஞ்சினில்தான் காட்டுகிறது. அதற்கு ஃப்ளெக்ஸும் தெரியாது, கிரிடும் தெரியாது. அந்த வாசகர்கள் உங்களுக்கு முக்கியம் என்றால் டேபிளில் கட்டி, அது அமைப்புக்கு மட்டும் என்று ஸ்க்ரீன் ரீடருக்குச் சொல்ல ரோல் அட்ரிபியூட்டில் பிரசன்டேஷன் என்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.